ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?

மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்கிற கேள்விகள் எல்லாமே அந்த ஆளைச் சுற்றித்தான் இருக்கும். என்ன ஆச்சு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, வேலை அதிகமா, ஒழுங்காகத் தூங்குகிறாயா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நாள் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறாய், ஜன்னலைத் திறந்தால் கண்ணில் என்ன படுகிறது, ராத்திரி படுத்தபிறகு காதில் என்ன விழுகிறது, வாசலை விட்டு இறங்கினால் பயமில்லாமல் கொஞ்ச தூரம் நடக்க வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. நண்பர்களும் கேட்பதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. இத்தனைக்கும் நம் அகப்பாடல் மரபில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மனசைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஆள் நிற்கிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தவர்கள் நாம்.

இந்த விஷயத்தைப் பற்றிச் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். நகரம் கெட்டது, காடு நல்லது என்று முடித்துவிடுகிற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. அதில் பாதி உண்மைகூட இல்லை. நான் படித்தவரையில், கவனித்தவரையில், நம்மைத் தேய்ப்பவையும் தேற்றுபவையும் பெரும்பாலும் ரொம்பச் சின்ன விஷயங்கள், தினமும் நம்மைத் தொட்டுக்கொண்டே இருப்பவை. வருடத்துக்கு ஒருமுறை போகும் மலைவாசஸ்தலத்தைவிட வாசலில் நிற்கும் ஒரு மரம் அதிக வேலை செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1984-ல் ராஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் சயின்ஸ் இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை; 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து அலசியிருக்கிறார். அறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி, கவனித்துக்கொண்ட செவிலியர்களும் அதே ஆட்கள்தான். ஒரே வித்தியாசம், சில ஜன்னல்களுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன, மற்றவற்றுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர். வயது, எடை, புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி 23 ஜோடிகளாக 46 பேரை எடுத்துக்கொண்டு பார்த்ததில், மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் அறுவைசிகிச்சைக்குப் பிறகு சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களுக்கு 8.70 நாள் ஆகியிருக்கிறது. கடுமையான வலி மருந்துகளும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கின்றன. எனக்கு இதைவிட மனசில் நின்றது செவிலியர்களின் குறிப்புகள். நோயாளி சோர்ந்திருக்கிறார், அழுகிறார், நிறைய ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற மாதிரியான குறிப்புகள் சுவர் பக்கத்து ஆட்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனாலும் இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. ஒருமுறை அவர் மருத்துவமனையில் இருந்தபோது முதலில் கிடைத்த அறையில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது திறக்காது, கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். டியூப்லைட் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், "இப்ப மணி என்ன?" பதில் சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்காது, மறுபடி கேட்பார். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் வேறு அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் வழியாக ஒரு மரத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். அன்று சாயங்காலமே மணி கேட்பது நின்றுவிட்டது. "அந்தக் காக்கா மறுபடியும் வந்திருச்சு பாரு, வாயில என்னத்தையோ கொண்டு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். கூடு கட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கிளையில் எந்தக் குச்சியை வைத்தது, எது கீழே விழுந்தது என்று நான் உள்ளே வரும்போதெல்லாம் ஒரு தகவல் தயாராக இருக்கும். அந்த மரம்தான் அவரைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன், மருந்தும் மருத்துவர்களும்தான் குணப்படுத்தினார்கள். ஆனால் படுத்திருக்கிற ஆளுக்கு நேரம் நகர்கிறது என்று வெளியிலிருந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிச்சம் மாறுகிறது, நிழல் நகர்கிறது, ஒரு பறவை வருகிறது போகிறது. அதெல்லாம் தெரியாத அறையில் ஒருவரைப் படுக்கவைப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

சரி, மரம் பார்ப்பதால் என்னதான் நடக்கிறது? இதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் தம்பதியுடையது. நம்முடைய கவனத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். ஒன்று, நாமாக இழுத்துப் பிடித்து வைக்கிற கவனம். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, பிடிக்காத கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்தக் கவனத்தில் நடப்பவை. அதற்கு ஓர் அளவு இருக்கிறது, செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துபோகும், தீர்ந்தபிறகு எரிச்சல் வரும், தப்பு தப்பாகச் செய்வோம், சின்ன முடிவுகூட எடுக்க முடியாது. இன்னொன்று, தானாகப் போகிற கவனம். ஓடுகிற தண்ணீரையோ காற்றில் அசைகிற இலையையோ மேகத்தையோ பார்க்கும்போது யாரும் நம்மைப் பார் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம், கூடவே வேறு ஏதாவது யோசிக்கவும் இடம் இருக்கும். இந்த இரண்டாவது வேலை செய்யும்போது முதலாவது ஓய்வெடுத்துக்கொள்கிறது. விளம்பரப் பலகையும் தானாகத்தான் கண்ணை இழுக்கிறது, ஹார்ன் சத்தமும் காதை இழுக்கிறது. ஆனால் அவை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன, யோசிக்க இடம் விடுவதில்லை.

நெரிசலான ஒரு சாலையில் நடக்கும்போது உடம்பு என்னவெல்லாம் செய்கிறது என்று ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். நடைபாதை பாதியில் முடிந்துபோகும், இறங்கித் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். கண் தரையைப் பார்க்கிறது, குழி இருக்கும், கேபிள் கிடக்கும். காது பின்னால் போய்விடுகிறது, வருவது பைக்கா பஸ்ஸா, எவ்வளவு வேகம் என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போடுகிறது. பையை மாட்டிய தோள் நமக்குத் தெரியாமலே உள்பக்கம் இறுகிக்கொள்கிறது. எதிரே வருகிறவர் இடமா வலமா என்று ஒரு சின்னப் பேச்சுவார்த்தை. மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது, புகை அடிக்கிறதே. இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வருகிறவர் நம்மிடம் ஏதோ சொல்கிறார், நாம் "என்ன?" என்கிறோம், அவர் கத்தி மறுபடி சொல்கிறார், அவர் கத்தியதில் நமக்குக் கோபம் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் சும்மா நடந்துதானே வந்தோம், ஏன் இப்படி அசதியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சும்மா நடந்தது இல்லை. அந்த நேரம் முழுக்க வேலை செய்திருக்கிறோம்.

இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தவர்கள் மார்க் பெர்மனும் அவருடைய சகாக்களும். 2008-ல் வெளிவந்த ஆய்வு. கலந்துகொண்டவர்களுக்கு எண்களைச் சொல்லி அவற்றைத் தலைகீழ் வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், அப்புறம் ஏறத்தாழ 50 நிமிடம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒருமுறை அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்தின் மரப்பூங்காவில், இன்னொரு முறை அதே ஊரின் கடைவீதியில். பூங்கா நடைக்குப் பிறகு மதிப்பெண் சுமார் 20 சதவீதம் கூடியது, கடைவீதி நடைக்குப் பிறகு சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இதில் ஓர் அருமையான விவரம் உண்டு. நடக்கும்போது மனநிலை நன்றாக இருந்ததா இல்லையா என்பதற்கும் இந்த முன்னேற்றத்துக்கும் தொடர்பில்லை. கடும் குளிரில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதாவது ரசித்தால்தான் வேலை செய்யும் என்று இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் மனசு ரொம்பக் கனத்திருக்கிற நாட்களில் எந்தப் பூவையும் ரசிக்க வராது. ரசிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும். ரசிக்க வேண்டாம், போய் நடந்தால் போதும்.

அதே போல, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுகிற பழக்கம். மனச்சோர்வு வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் கிரெகரி பிராட்மன் குழு 38 பேரை எடுத்து, பாதிப் பேரைப் புல்லும் மரமும் இருக்கிற இடத்தில் 90 நிமிடம் நடக்கவைத்தது, மீதிப் பேரைப் பல தடங்கள் கொண்ட பரபரப்பான சாலையோரத்தில். பசுமையில் நடந்தவர்கள் அசைபோடுவது குறைந்ததாகச் சொன்னார்கள், அந்தப் பழக்கத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

2022-ல் பெர்லினில் செய்த ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 63 பேர், ஒரு மணி நேர நடை. சிலர் க்ருனெவால்ட் காட்டில், சிலர் நெரிசலான கடைத்தெருவில். பயத்தையும் பதற்றத்தையும் கையாளுகிற அமிக்டலா என்ற மூளைப் பகுதி, காட்டுக்குப் போய்வந்தவர்களிடம் அடங்கியிருந்தது. கடைத்தெருவுக்குப் போனவர்களிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் தெருவில் நடந்ததால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஏற்கெனவே ஏறியிருந்தது இறங்கவில்லை, அவ்வளவுதான். நகரத்தின் குறை அங்கே இருக்கிற விஷயங்களைவிட அங்கே இல்லாமல் போனவற்றில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஒரே ஒரு விஷயம் விதிவிலக்கு. சத்தம். சத்தத்தைப் பற்றி எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டனில், ஒரு பள்ளிக்கூடம். பக்கத்திலேயே உயரத்தில் ரயில் பாதை. ரயில் போகும்போது டீச்சர் பேச்சை நிறுத்த வேண்டும், போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் அடுத்த ரயில். ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் 1975-ல் அந்தக் கட்டடத்தின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டார். பாதையை ஒட்டிய வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரும்போது அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், தாழ்வாரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம். அவர் அதோடு விடவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் அட்டைகள் போடவைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. அதுவரை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப்போன எத்தனை பிள்ளைகள் தனக்குப் படிப்பு வராது என்று நம்பியிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

மியூனிக்கில் 1992-ல் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டுப் புதியதை வேறு இடத்தில் திறந்தபோதும் இதே கதைதான் நடந்தது. பழையதன் அருகே வாழ்ந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் முன்னேறின, புதியதன் அருகே இருந்தவர்களுடையது சரிந்தது.

சத்தம் பழகிவிடும் என்று சொல்வார்கள். காது பழகுகிறது, உடம்பு பழகுவதில்லை. தூக்கத்தில் லாரி போனால் நாம் விழித்துக்கொள்ளாமல் இருக்கலாம், ஆனால் இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்துச் சத்தம் ஒரு நாளின் சராசரியில் 53 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபல் பக்கம் வரும். நான் முன்பு பிரதான சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்தேன், சத்தத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன், அது பொய்யும் இல்லை. பின்கட்டு வீட்டுக்கு மாறிய பிறகுதான், வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொள்வதைக் கவனித்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்கள்.

போக்குவரத்து இன்னொன்றும் செய்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. 1960-களின் கடைசியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகள் கொண்டவை, ஆனால் ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டிகள் போகும், ஒன்றில் 8,000, ஒன்றில் 16,000. அங்கே குடியிருந்தவர்களிடம் போய் இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள், எத்தனை பேரை முகம் தெரியும் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஓர் ஆளுக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள், வண்டி நிறைந்த தெருவில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் வீடு எதுவரை என்று வரைபடத்தில் காட்டச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையுமே தங்கள் இடமாகக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு வீடு வாசல்படியோடு முடிந்துவிட்டது.

தனிமையைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம், செல்போனைக் குறை சொல்கிறோம், காலம் மாறிவிட்டது என்கிறோம். தெருவில் நின்று பேசவே முடியாத அளவுக்கு வண்டி போகும்போது யார் யாரோடு பேசுவார்கள்? வாசலில் ஒரு திண்ணையோ பெஞ்சோ, அதன்மேல் கொஞ்சம் நிழல், எதிர்வீட்டுக்காரர் சொல்வது காதில் விழுகிற அளவு அமைதி, குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போக பயமில்லாத வேகம், இவ்வளவு இருந்தால் பேச்சு தானாக வரும்.

இதனால்தான் நகரத்தை விட்டு ஓடிவிட வேண்டும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. நகரம் பலருக்கு மூச்சுவிடும் இடம். யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஆட்கள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க ஆளில்லாத இடத்தில்தான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்கிற பெண்களை எனக்குத் தெரியும். தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கக் கூட்டம் வேண்டியிருக்கிறது. நூலகம், நல்ல மருத்துவமனை, மனநல ஆலோசகர், நள்ளிரவிலும் விளக்கெரிகிற தெரு, இதெல்லாம் மனசுக்கு மருந்துதான். அதே மாதிரி இயற்கையும் எல்லாருக்கும் ஓய்வு கிடையாது. வெயிலில் குனிந்து வேலை செய்கிறவருக்கு வயல் என்பது உழைக்கிற இடம். இருட்டில் தனியாக நடக்கிற பெண்ணுக்கு அடர்ந்த மரங்கள் ஆறுதல் தராது, பயம்தான் தரும். பாதுகாப்பு இல்லாத இடத்தில் எந்தப் பசுமையும் வேலை செய்யாது. காடு வேறு, நாம் பயமில்லாமல் போய்வரக்கூடிய காடு வேறு.

1982-ல் ஜப்பானின் வனத்துறை மக்களைக் காட்டுக்குள் வரவழைக்க வனக்குளியல் என்ற ஒன்றைத் தொடங்கியது; குளிப்பது இல்லை, காட்டுக்குள் நிதானமாக உலவிவருவது. நல்ல யோசனை. இன்று அது உலகம் முழுக்க வழிகாட்டி, தங்குமிடம், சான்றிதழ் என்று ஒரு தொகுப்பாக விற்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இது காசு இருந்தால் போய் வாங்கிக்கொண்டு வருகிற விஷயம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு, வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் கழிக்கிறவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, துண்டு துண்டாகவா என்பதில் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் வரலாம், நியாயமான சந்தேகம்தான், கணக்கெடுப்பை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. ஆனால் துண்டு துண்டாகப் போதும் என்றால், அது தெருமுனைப் பூங்காவிலேயே முடிகிற காரியம்.

தெருமுனையில் பூங்கா யாருக்கு இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி, எனக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான். அமெரிக்காவில் 1930-களில் அரசாங்க வரைபடங்களில் கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று ஒதுக்கினார்கள். 2020-ல் 108 நகரங்களை ஆராய்ந்து பார்த்ததில், அன்று ஒதுக்கப்பட்ட பகுதிகள் இன்றும் மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடாக இருக்கின்றன. மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம். பேனா பிடித்தவர்கள் போய்ச்சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அந்தக் கோட்டுக்குள் பிறந்த பிள்ளை இன்றும் கோடையில் தூங்க முடியாமல் புரள்கிறது. அதே நேரம் டென்மார்க்கில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், மிகக் குறைந்த பசுமையில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை அதிகமாக இருந்தது; பெற்றோரின் வருமானம், குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்து, பதற்றத்தோடு வாழ்கிற ஒருவரிடம் போய் தியானம் செய், நேர்மறையாக யோசி என்று சொல்வது அநியாயம்.

மாற்ற முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். அங்கே குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, தரையைச் சமன் செய்து, புல் போட்டு, சில மரங்கள் நட்டு, இடுப்புயர மரவேலி ஒன்று கட்டினார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். சுற்றிக் குடியிருந்தவர்களிடம் முன்னும் பின்னும் கேட்டு 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பசுமையாக்கிய மனைகளின் அருகே இருந்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள், ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிட்டால், 41.5 சதவீதம் குறைந்திருந்தார்கள். ஏழ்மை அதிகமான பகுதிகளில் குறைவு இன்னும் பெரியது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்த மக்களுக்கு வேலை கிடைத்துவிடவில்லை, வாடகை குறையவில்லை, யாரும் மருந்து கொடுக்கவில்லை. தினமும் கடந்துபோகிற ஓர் இடம் கைவிடப்பட்ட மாதிரி இல்லாமல் யாரோ பார்த்துக்கொள்கிற மாதிரி ஆனது.

வீட்டளவில் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது, நான் செய்வதைச் சொல்கிறேன். மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். கடைக்குப் போகும்போது இரண்டு வழி இருந்தால் மரமுள்ள வழியில் போகிறேன், கொஞ்சம் சுற்றுதான். நடக்கும்போது காதில் எதையும் மாட்டுவதில்லை. வேலைக்கு நடுவே இடைவேளை எடுத்தால் செல்போனைத் தொடுவதில்லை, திரை மாறுகிறதே தவிர இழுத்துப் பிடிக்கிற கவனம் மாறுவதில்லை என்பதால். வீடு பார்க்கும் நண்பர்களிடம் சமையலறை அளவைவிட முதலில் ராத்திரி ஒருமுறை போய் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.

ஆனால் இது தனியாள் சமாளிக்கிற விஷயம் இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நகர்ப்புற வனவியல் பேராசிரியர் செசில் கோனைனெண்டைக் 2021-ல் ஓர் எளிய அளவுகோலைச் சொன்னார்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது தெரிய வேண்டும், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 சதவீதம் மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வார்டு உறுப்பினரிடம் பேசலாம். சாலையை அகலப்படுத்த வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டு அதற்குப் பதில் பத்துக் கன்று நடுகிறோம் என்று சொன்னால், அந்தப் பத்தும் பிழைத்தாலும் இன்று இருக்கிற நிழல் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும் என்பதைத் திருப்பிச் சொல்லலாம்.

ஃபிலடெல்ஃபியாவில் வேலை செய்தது நட்டது மட்டும் இல்லை. மாதா மாதம் ஆள் வந்து புல்லை வெட்டி, குப்பையை எடுத்துப் பராமரித்தார்கள். தெருவோரம் நட்ட கன்று முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் பிழைக்குமா போகுமா என்று தெரியும், அதிலும் முதல் கோடை ரொம்பக் கஷ்டம். அதனால் நடுவிழாவுக்கு யாராவது கூப்பிட்டால் நான் கேட்பது ஒன்றுதான், கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார், எந்தக் கிழமை, ஊருக்குப் போனால் பதிலுக்கு யார். பெயர்களை எழுதி ஒட்டிவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒட்டியிருக்கிறோம், எனக்கு சனியும் புதனும்.